கொம்பையாவின் முதுகுச் சேறு

கொன்றைக்காட்டுக் குளத்தில் முயலுக்கு ஓர் ஓட்டு, ஆமைக்கு ஓர் ஓட்டு, நாமக்கோழிக்கு ஓர் ஓட்டு, தவளைக்குக்கூட ஓர் ஓட்டு.

சிங்கத்துக்கு? அங்கே சிங்கமே கிடையாது. முன்பு ஒன்று இருந்ததாம். ஒருநாள் இவர்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததாம். தவளைகள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, காத்திருந்து, பிடரி நரைத்துப்போய், காட்டையே காலி செய்துவிட்டுப் போய்விட்டதாம். அப்படிச் சொல்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்று கேட்டால், இப்போதைக்கு நான் ஒருவன்தான்.

அந்தக் குளத்தில் ஓட்டுப் போடுவது ஒரு தனி வழக்கம்.

கோடையில் தண்ணீர் வற்றி, நடுவில் கறுப்பு வண்டல் தெரியும். ஒருநாள் குறித்துக்கொண்டு எல்லோரும் இறங்குவார்கள். முயல் முன்னங்காலால் பறிக்கும். கீரி பின்னங்காலால் தள்ளும். ஆமை முதுகில் மண்ணை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போகும். போய்ச் சேருவதற்குள் மண்ணில் புல் முளைத்துவிடும். தவளைகள் எடுத்த மண்ணைவிடப் போட்ட சத்தம்தான் அதிகம். ஆனாலும் வேலை முடிந்துவிடும். மழை வந்தால் தண்ணீர் நிற்கும்.

வேலை முடிந்ததும் கூட்டம். கரையில் இரண்டு பாறைகள் உண்டு. மேற்கே சரிப் பாறை. கிழக்கே, கொஞ்சம் தள்ளி, வேண்டாம் பாறை. குளத்துக் காரியம் எதுவானாலும், வண்டல் ஒட்டிய காலோடு போய் மனசுக்குப் பட்ட பாறையில் ஒரு தடம் பதிக்க வேண்டும். அடிமண் ஒட்டிய கால்தான் செல்லும். சுத்தமான காலுக்கு ஓட்டுக் கிடையாது.

இப்படி இருந்த குளத்துக்கு ஒரு கோடையில் கொம்பையா வந்தார்.

கொம்பையா ஒரு காட்டுப்பன்றி. நல்ல உடம்பு. நல்ல குரல். தரையில் மூக்கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினால், மண் அடுத்த காட்டில் போய் விழும். அடுத்த காட்டில் அதனால்தான் ஒரு மலை இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

எல்லோரும் வியர்த்து விறுவிறுத்துத் தோண்டுவதை அவர் பார்த்தார்.

"அடடா! என்ன தம்பிகளா இது! இந்தப் பிஞ்சுக் காலை வச்சுக்கிட்டு ஏன் இப்படிக் கஷ்டப்படுறீங்க? நான் ஒருத்தன் போதாதா? தள்ளுங்க!" என்றார்.

"சும்மாவா செய்வீங்க?" என்று கேட்டான் பதுங்கன் என்ற முயல்.

"சும்மாதான்! மண்ணுக்குள்ள கிடக்கிற கிழங்கு ரெண்டு கிடைச்சா கடிச்சுக்கிறேன். உங்களுக்குக் கிழங்கு வேணுமா?"

"வேண்டாம்!"

"பிறகென்ன? போய் நிழல்ல படுங்க!"

தவளைகள் உடனே வழிமொழிந்தன. தவளைகள் எதையும் வழிமொழியும்.

கொம்பையா பொழுது சாய்வதற்குள் குளத்தைத் தோண்டி முடித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே தோண்டினார். அந்த வருஷம் தண்ணீர் தளும்பியது. எல்லோரும் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பேச்சுக்குச் சொல்கிறேன். அவரைத் தூக்க யாரால் முடியும்?

அடுத்த கோடையிலும் அவரேதான் தோண்டினார். அதற்கடுத்த கோடையிலும். முயலின் நகம் வெண்ணெய் மாதிரி ஆனது. கீரி பின்னங்காலைத் தலையணையாக மடக்கிவைத்துத் தூங்கப் பழகியது. எனக்கும் வேலை செய்ய ஒருவர் கிடைத்தால் இப்படித்தான். எங்கள் வீட்டில் கொடிக் கயிறு அறுந்தால், அதைக் கட்டுபவருக்குச் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே நான் யோசனை சொல்வேன்.

ஆனால் கூட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. யார் காலிலும் வண்டல் இல்லை!

"சட்டப்படி அடிமண் வேணுமே!" என்றார் தலைமை வகித்த ஆமையார்.

"அட, என் முதுகு எதுக்கு இருக்கு?" என்று சிரித்தார் கொம்பையா. அவர் முதுகெல்லாம் கறுப்பு வண்டல். "இதுவும் அடிமண்தானே? தொட்டுக்கோங்க, தம்பிகளா!"

அவர் எங்கே நின்றார் தெரியுமா? சரிப் பாறைக்குப் பக்கத்தில்.

எல்லோரும் வரிசையில் போய், அவர் முதுகில் காலை வைத்து, இரண்டடி தள்ளியிருந்த பாறையில் பதித்தார்கள். வேண்டாம் பாறைக்குப் போக நினைத்த ஒன்றிரண்டு பேரும் உண்டு. போவதற்குள் வெயிலில் சேறு காய்ந்து உதிர்ந்துவிட்டது. வெறுங்காலோடு திரும்பி வந்தார்கள். நாளடைவில் அந்தப் பாறையில் ஓணான்தான் வெயில் காய்ந்தது.

"பாத்தீங்களா நம்ம ஒற்றுமையை? எதிர்த்து ஒரு தடம் உண்டா?" என்று பதுங்கன் பெருமையாகச் சொன்னான். மற்றவர்களும் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

பிறகு ஒரு கோடையில் கொம்பையா ஒரு புதுத் திட்டம் சொன்னார்.

"தம்பிகளா! குளத்துக்கு வடக்கே அந்தக் கோரை மூலை இருக்கே, பாக்கவே அசிங்கமா இருக்கு. அதையும் தோண்டிட்டா குளம் எப்படி இருக்கும் தெரியுமா? நிலா மாதிரி வட்டமா இருக்கும்! நாளைக்குக் கூட்டத்துல சரின்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்!"

தவளைகள் வழிமொழிந்தன.

வெள்ளையம்மா மட்டும் கோரை மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளையம்மா ஒரு நாமக்கோழி, குளத்தில் நீந்தும் பறவை. பெயர்தான் வெள்ளை, ஆள் கன்னங்கரேல். நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளை நாமம். குளத்தில் மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீர் அந்தக் கோரை மூலையில்தான் தேங்கியிருந்தது. அங்கேதான் அவள் கூடு. கூட்டில் முட்டைகள். போன முறை இட்டதைப் பாம்பு தின்றுவிட்டது. அதற்கு முந்தியது வெயிலில் வெந்துபோனது. இந்த முறைதான் ஓட்டுக்குள் அசைவு தெரிந்தது. இன்னும் சில நாள் போனால் குஞ்சுகள் வந்துவிடும்.

அவள் கொம்பையாவிடமே போனாள்.

"அண்ணே, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

கொம்பையா கோரைக்கிழங்கு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த மூலையில் மண்ணுக்குள் அவை மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவருக்குக் குளத்தின் வட்டம் முக்கியமா, கிழங்கு முக்கியமா என்று நான் சொல்லப்போவதில்லை.

"நான் யாரு தங்கச்சி? ஊர் முடிவு! எல்லாரும் சரின்னுட்டா நான் என்ன பண்ண முடியும்?"

"எல்லாரும் உங்க முதுகுச் சேத்தைத்தானே தொட்டுக்கிட்டுப் போறாங்க?"

"நான் யாரையாவது பிடிச்சு இழுத்தேனா? சொல்லு! உனக்கு வேற இடமா இல்ல? இதைவிட நல்ல கூடு நானே கட்டித் தர்றேன்!"

"என் நெத்தியில பொறக்கும்போதே நாமம் இருக்கு. நீங்க வேற புதுசா ஒண்ணு போட வேண்டாம்!" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா விறுவிறுவென்று நடந்தாள்.

பதுங்கனிடம் போனாள்.

"நீ சொல்றது நியாயம்தான் அக்கா. ஆனா அவரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா? யாரு தோண்டுறது? என் நகத்தைப் பாரு! கேரட்டைத் தோண்டி எடுக்கிறதுக்கே பல்லைக் கெஞ்ச வேண்டியிருக்கு. எனக்கு இருக்கிற வீரமெல்லாம் பின்னங்கால்ல. அதுவும் ஓடுறதுக்கு மட்டும்தான்!"

ஆமையாரிடம் போனாள். அவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "நான் தலைவரம்மா. எனக்குன்னு ஒரு கருத்து இருக்கக் கூடாது. இருந்தா சொல்லிடுவேன். இருக்கான்னு உள்ள தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

கடைசியாகக் கரைக்கு அந்தப்பக்கம் குடியிருந்த முள்ளாண்டியிடம் போனாள். முள்ளாண்டி ஒரு முள்ளம்பன்றி. கூட்டம் என்றாலே அவனுக்கு ஆகாது. இதுவரை எந்தப் பாறையிலும் அவன் தடம் கிடையாது. தன் வளைக்குள் தானே ஓர் ஊற்றுத் தோண்டி, தானே குடித்து, தானே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு எவன் தயவும் வேண்டாம்! என் வளை, என் ஊத்து, என் முள்ளு! உங்க குளம் வட்டமா இருந்தா என்ன, சதுரமா இருந்தா என்ன?"

"உனக்குத் தோண்டத் தெரியும். ஒருநாள் வந்து எங்களோட நில்லேன் தம்பி."

"நிக்க மாட்டேன். பக்கத்துல யாராவது நின்னா எனக்கு முள்ளு சிலிர்த்துக்கும். குத்திடும். அப்புறம் மன்னிப்புக் கேக்கணும். அது எனக்குத் தெரியாது!"

வெள்ளையம்மா திரும்பிப் போய் முட்டைகளின்மேல் உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கொம்பையா, எப்படியும் சரி என்றுதான் சொல்லப்போகிறார்கள் என்ற தைரியத்தில், கோரை மூலைக்குப் பக்கத்தில் கரையோரமாக ஒரு குழி தோண்டிப் பார்த்தார். கிழங்கு ருசியாக இருந்தது. இன்னும் தோண்டினார்.

மறுநாள் கூட்டம் தொடங்கியது. கொம்பையா நடுக்குளத்தைத் தோண்டி முடித்து, முதுகு நிறையச் சேற்றோடு சரிப் பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வரிசையும் நின்றது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் ஆள் வந்தான். வழியில் நின்றவர்கள் எல்லாம் "ஆ! ஊ!" என்று துள்ளி விலகினார்கள். முள்ளாண்டி!

"மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று பழக்கமில்லாத வாயால் முணுமுணுத்துக்கொண்டே வந்து நடுவில் நின்றான்.

"என்னப்பா, நீயா? இங்கயா?" என்றார் ஆமையார்.

"என் ஊத்து காலையில வத்திப்போச்சு" என்றான் முள்ளாண்டி. "ஏன்னு தோண்டிப் பாத்தேன். அது ஊத்தே இல்ல! இந்தக் குளத்துத் தண்ணி கரைக்குள்ள கசிஞ்சு கசிஞ்சு என் வளைக்கு வந்திருக்கு. நேத்து இவரு கரையோரம் தோண்டின குழியில அது இறங்கிடுச்சு. இத்தனை வருஷமா உங்க தண்ணியைக் குடிச்சுட்டு, உங்க தயவு வேண்டாம்னு உங்களுக்கே புத்தி சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்! என்னைவிடப் பெரிய முட்டாள் இந்தச் சபையில இருந்தா எழுந்து நிக்கட்டும்!"

பதுங்கன் மெதுவாக எழுந்து நின்றான். அவனைப் பார்த்துக் கீரி எழுந்தது. அப்புறம் தவளைகள் மொத்தமாக எழுந்தன. இதற்கு மட்டும் யாரும் வழிமொழியச் சொல்லவே இல்லை.

"உட்காருங்க, உட்காருங்க! போட்டி அப்புறம் வச்சுக்கலாம்!" என்றார் ஆமையார்.

கொம்பையா தொண்டையைக் கனைத்தார். "ஒரு சின்னக் குழி! அதுக்கு இத்தனை பேச்சா? கோரை மூலை முழுசாத் தோண்டினதும் எல்லாருக்கும் நானே தண்ணி விடுறேன். முள்ளாண்டிக்குத் தனி வாய்க்கால்! வாங்க தம்பிகளா, வந்து தொட்டுக்கோங்க. வெயில் ஏறுது, சேறு காயுது!"

வரிசை அசைந்தது. வெள்ளையம்மாவின் முறை வந்தது.

அவள் கொம்பையாவின் முதுகைத் தொடவில்லை. வரிசையைவிட்டு விலகி நேரே குளத்துக்குள் இறங்கினாள். கொம்பையா விட்டுவைத்த ஓர் ஓரத்தில் போய் நின்று, இலை இலையாய் விரிந்த தன் விரல்களால் வண்டலைப் பறிக்க ஆரம்பித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நாமக்கோழியின் கால் நீந்துவதற்கு ஆனது. தோண்டுவதற்கு அதைவிட மோசமான கால் அந்தக் காட்டில் கிடையாது. ஒரு கை மண் பறிப்பதற்குள் அவள் மூன்று முறை குப்புற விழுந்தாள்.

"அக்கா, அது மண்ணா, இல்ல உன் மூக்கா?" என்று கீரி கேட்டது.

"ரெண்டும்தான்!" என்றாள் வெள்ளையம்மா. அலகு நிறையச் சேறு. அந்த மண்ணைச் சுமந்துபோய்க் கரையில் போட்டாள். பிறகு கறுத்த காலோடு கிழக்கே நடந்தாள். வேண்டாம் பாறையில் இருந்த ஓணான், என்ன இது என்று திகைத்து, இறங்கி வழிவிட்டது. அவள் ஏறி நின்று அழுத்திப் பதித்தாள். இலை விரித்த மாதிரி ஒரு தடம்.

சிரிப்பு நின்றது.

"அக்கா தடம் செல்லுமா ஐயா?" என்று பதுங்கன் கிசுகிசுத்தான்.

"அடிமண் ஒட்டின கால். தானே எடுத்த மண். இதைவிடச் செல்லுபடியான தடத்தை நான் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார் ஆமையார். அவர் தலை முதல்முறையாக முழுக்க வெளியே வந்திருந்தது.

முள்ளாண்டி குளத்தில் இறங்கினான். அவனுக்கு நகம் இருந்தது. மண் பறந்தது. மற்றவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கப் பதுங்கனுக்கு முன்னங்கால் துறுதுறுத்தது. அவனும் இறங்கினான்.

"ஐயோ! நகம் போச்சு!" என்று கத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணும் போச்சு!" என்றான். ஆனால் மேலே ஏறவில்லை.

கொம்பையா கரையோரம் ஓடி வந்தார். "வேண்டாம் தம்பி! கால் நோகும்! நான் இருக்கேன்ல?"

"நோகுது அண்ணே. நிஜமாவே நோகுது!" என்றான் பதுங்கன். "இது என் கால்தான்னு நோகும்போதுதான் தெரியுது!"

கொம்பையாவின் குரல் மாறியது.

"சரி! நீங்களே தோண்டிக்கோங்க. நான் போறேன். மழை வந்து, குளம் மேடாக் கிடந்து, தண்ணி நிக்காமப் போகும்போது என்னைத் தேடி வராதீங்க. என்னை மாதிரித் தோண்ட உங்கள்ல ஒருத்தனால முடியுமா? சொல்லுங்க!"

எல்லோரும் இதுவரை தோண்டியிருந்ததைப் பார்த்தார்கள். அங்கொரு பள்ளம், இங்கொரு கீறல். கொம்பையா ஒரே மூச்சில் தள்ளும் மண்ணில் பாதிகூட இல்லை. அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கரையில் நின்ற கீரி மெதுவாக ஓரடி பின்வாங்கியது. தவளைகள் வாயைத் திறந்து, எதை வழிமொழிவது என்று தெரியாமல் மூடிக்கொண்டன.

வெள்ளையம்மா பாறையின்மேல் நின்றபடியே சொன்னாள்:

"முடியாது அண்ணே. உங்களை மாதிரித் தோண்ட எங்களால முடியாது. மோசமாத்தான் தோண்டுவோம். ஆனா எங்க தோண்டக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும்!"

பிறகு கீரி குளத்துக்குள் குதித்தது.

வெயில் சாயும் முன்னே வேண்டாம் பாறை கறுத்துவிட்டது. எல்லோரும் அங்கே போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவளைகளில் பாதி, பழைய வழக்கத்தில் சரிப் பாறைக்கே தாவின. ஆனால் அவையும் இந்த முறை தாங்களே எடுத்த சேற்றோடுதான் தாவின. ஆமையார் தடங்களை எண்ணினார். அவர் எண்ணும் வேகத்துக்கு, எண்ணத் தொடங்கியபோது குட்டியாக இருந்த முயல்களுக்கு எண்ணி முடித்தபோது பேரன் பேத்தி இருந்தார்கள்.

"கோரை மூலை தோண்ட வேண்டாம்னு சபை முடிவு பண்ணியிருக்கு!" என்றார்.

கொம்பையா போகிறேன் என்று சொன்னாரே தவிர, போகவில்லை. அவர் பாட்டுக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பிறகு வந்து, "எனக்கு எத்தனை ஓட்டு?" என்று கேட்டார்.

"ஒண்ணு. எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார் ஆமையார்.

"இவ்வளவு பெரிய காலுக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்!"

கொம்பையா முறைத்தார். வண்டலில் காலை நனைத்தார். சரிப் பாறையில் போய், தோற்றுப்போன பக்கத்தில், ஓங்கி ஒரு தடம் பதித்தார். அதை யாரும் அழிக்கவில்லை. பிறகு முள்ளாண்டிக்குப் பக்கத்தில், முள் படாத தூரத்தில் நின்று, மற்றவர்கள் காட்டிய இடத்தில் தோண்ட ஆரம்பித்தார். கோரை மூலைப்பக்கம் மூக்கு போகும்போதெல்லாம் தவளைகள் கத்தின. அந்தச் சத்தம் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு ஆனது.

அந்த வருஷம் குளம் நிலா மாதிரி இல்லை. ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சப்பி, பல்வலி வந்தவன் கன்னம் மாதிரி இருந்தது. தண்ணீரும் முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான். முயலின் நகம் வளர மழைக்காலம் முழுக்க ஆனது. முள்ளாண்டி கூட்டத்துக்கு வரும் நாளெல்லாம் யாராவது ஒருவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கோரை மூலையில் மட்டும் தினமும் காலையில் ஒரே கூச்சல். கறுப்புக் கறுப்பாக, சிவந்த தலையோடு வெள்ளையம்மாவின் குஞ்சுகள் அம்மாவுக்குப் பின்னால் தண்ணீரில் நீந்திக்கொண்டு, இந்தப் பக்கம் போகலாம், அந்தப் பக்கம் போகலாம் என்று ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருந்தன.

தங்கள் வேலையைத் தாங்களே செய்யத் தெரிந்தவர்கள், தனித்து ஒதுங்காமல் ஒன்றாகக் கூடி நிற்கும்வரைதான் ஆட்சி மக்களிடம் இருக்கும்.